பலர்பால் கக்கூஸ்

போன வருசம் மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கம் ஒருநாள் கருத்தரங்கு நடந்தது. தலைப்பு ‘விளிம்புநிலை இலக்கியம்’. ஏற்பாட்டாளர்களில் நானும் ஒருத்தி. மதியத்துக்கு மேல் பேச ஒரு திருநங்கைத் தோழரை அழைத்திருந்தோம். விடியக்காலையில் பஸ் ஏறி வந்தவர். வாடகை மண்டபம். பின்பக்கம் இரண்டு கதவுகள். ஒன்றில் ஆண்கள், இன்னொன்றில் பெண்கள் என்று எழுதியிருந்தது. தோழர் பெண்கள் பக்கம் நடந்தார். உள்ளேயிருந்து வெளியே வந்த இரண்டு பேராசிரியைகள் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்கள். ‘‘எங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. மத்தவங்க சங்கடப்படுவாங்க. கொஞ்சம் பாத்துக்கோங்க’’ என்றார்கள்.

யார் அந்த மத்தவங்க என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தோழருக்குப் புரிந்துவிட்டது. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். டீ வந்தது, வேண்டாம் என்றார். தண்ணீர் பாட்டிலைத் தொடவில்லை. மூன்று மணிக்கு மேடையேறி நாற்பது நிமிசம் பேசினார். கை தட்டினோம், துண்டு போர்த்தினோம். பஸ் ஏற்றிவிடப் போனபோது சொன்னார்: ‘‘வருத்தப்படாதீங்கக்கா. வெளிய கெளம்புற அன்னிக்கு நான் தண்ணியே குடிக்க மாட்டேன். பழக்கந்தான்.’’

அந்த ‘மத்தவங்க’ யார் என்று தேடித்தான் இதை எழுதுகிறேன்.

ஆண், பெண், திருநங்கை, திருநம்பி யாரும் போகலாம் என்கிற பொதுக் கழிவறையைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மூரில் நாலு விதமான பதில் வருகிறது. ஒன்று, அது நம்ம பண்பாட்டுக்கு ஆகாது. இரண்டு, அவங்க போன இடத்துல எப்பிடிப் போறது. மூன்று, பெண்களுக்குப் பாதுகாப்பு இல்லை. நாலாவது நம் தோழர்கள் சொல்வது: நமக்குக் கக்கூசே கெடையாது, இதுல பொதுக் கக்கூசா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பண்பாடு என்கிறார்கள். ரயிலில் ஏறியதில்லையா? ஸ்லீப்பர் பெட்டியில் எழுபது எண்பது பேருக்கு நாலு கழிவறை. ஆணும் பெண்ணும் வரிசையில் நின்றுதான் போகிறார்கள். அய்யரும் போகிறார், அம்பலகாரரும் போகிறார். கன்னியாகுமரியில் ஏறி டெல்லியில் இறங்குகிறவரைக்கும் யாருடைய பண்பாடும் கெட்டதாகக் கேள்விப்படவில்லை. வீட்டில் மாமனாரும் மருமகளும் ஒரே கழிவறைக்குத்தான் போகிறார்கள். ஆக, ஆணும் பெண்ணும் ஒரே கதவுக்குள் போவது இவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. வேறு யாரோ உள்ளே வருவதுதான் பிரச்சினை.

அந்த வேறு யாரோ பற்றியதுதான் இரண்டாவது பதில். ‘அவங்க போன இடத்துல எப்பிடிப் போறது’ என்கிற வாக்கியம் நமக்குப் புதுசா என்ன? கிணற்றடியிலும் கேட்டோம், டீக்கடை கிளாசிலும் கேட்டோம். அருவருப்பு என்பது மூக்கிலோ வயிற்றிலோ தானாகப் பிறப்பதல்ல. யாரைத் தொட்டால் கழுவ வேண்டும் என்று சாதி சொல்லிக்கொடுக்கிறது. சாதி சொல்லிக்கொடுத்த அந்தப் பாடத்தைத்தான் பால் விசயத்திலும் ஒப்பிக்கிறார்கள். திருநங்கை உபயோகித்த பீங்கானில் உட்கார முடியாது என்கிறவர், அந்தப் பீங்கானைத் தினமும் கையால் தேய்ப்பவள் யார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ரயிலில் பயோ டாய்லெட் வருவதற்கு முன்னால் தண்டவாளத்தில் விழுந்ததை வாரியது யார்? கையால் மலம் அள்ளுவதை ஒழிக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் ஒரு சட்டம். அதற்குப் பிறகும் நம் ஆட்கள் குழியில் இறங்குவதைத்தான் 2017இல் திவ்யபாரதி ‘கக்கூஸ்’ என்று படமாக எடுத்தார். அதைத் திரையிட விடாமல் போலீஸ் தடுத்தது. கக்கூஸைக் கழுவ ஒரு சாதி இருப்பது கண்ணை உறுத்தவில்லை. அதைக் காட்டியதுதான் உறுத்தியது.

மூன்றாவது பதிலை நான் கேலி செய்ய மாட்டேன். நானும் பெண்தான். இருட்டுக்குக் காத்திருந்து, ரோட்டோரத்தில் லைட் வெளிச்சம் வரும்போதெல்லாம் எழுந்து நின்ற தலைமுறையின் மகள். அந்தப் பயம் நிஜம். ஆனால் எதைக் கண்டு பயந்தோம்? தாழ்ப்பாள் இல்லாத கதவு, கதவில் ஓட்டை, பல்பு இல்லாத நடை, வெளியே நின்று பீடி குடிக்கிற ஆம்பளைகள். ‘பெண்கள்’ என்று எழுதிய போர்டு தாழ்ப்பாள் ஆகாது. நான்கு பக்கமும் மேலே கூரைவரைக்கும் சுவர், உள்ளே தாழ்ப்பாள், குழாயில் தண்ணீர், வாளி, துணியோ நாப்கினோ போட மூடியுள்ள ஒரு கூடை, கை கழுவும் இடம் எல்லாரும் பார்க்கிற வெளிச்சத்தில் வெளியே. இப்படித் தனித்தனி அறையாகக் கட்டினால் யார் போனால் என்ன? இருக்கிற பெண்கள் கழிவறையைப் பிடுங்கிப் போர்டை மாற்றி மாட்டச் சொல்லவில்லை. இனிமேல் கட்டுவதை இப்படிக் கட்டு என்கிறேன். கட்டுகிறவரைக்கும் திருநங்கை பெண்கள் பக்கம் வரட்டும் என்கிறேன். ஆண்கள் பக்கம் போனால் அவருக்கு என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியாததா? நாம் பயப்படுகிற அதே ஆம்பளைக்குத்தான் அவரும் பயப்படுகிறார். பொம்பளப் பிள்ளையைக் கூட்டிவரும் அப்பனுக்கும், நடக்க முடியாத ஆத்தாவைத் தாங்கிக்கொண்டு வரும் மகனுக்கும்கூட இந்த அறைதான் தோது.

சட்டம் ஒன்றும் பேசாமல் இல்லை. 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றுத் தீர்ப்பளித்தபோது தனிப் பொதுக் கழிவறைகள் வேண்டும் என்றது. 2017இல் தூய்மை இந்தியா திட்டத்துக்கான மத்திய அரசின் வழிகாட்டுதல், அவரவர் விரும்பும் கழிவறைக்குப் போகலாம் என்றது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றம், பள்ளி கல்லூரிகளில் பால்பேதமற்ற கழிவறை வேண்டும் என்றது. மூன்றும் ஒன்றல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். முதலாவது தனியாகக் கட்டச் சொல்கிறது. தனி என்றதும் என் காது விடைத்துக்கொள்கிறது. தனிக் கிளாஸ், தனிச் சுடுகாடு, தனித் தெரு என்று வந்தவர்கள் நாம்.

பொது என்ற சொல்லையும் அப்படியே நம்பிவிட முடியாது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் நிறவெறிச் சட்டங்கள் நடந்த காலத்தில் பல இடங்களில் மூன்று கழிவறைகள் இருந்தன. வெள்ளை ஆணுக்கு ஒன்று, வெள்ளைப் பெண்ணுக்கு ஒன்று. கறுப்பர்களுக்கோ ஆணும் பெண்ணும் சேர்த்து ஒன்றே ஒன்று. அதுவும் ஆண் பெண் பேதம் பார்க்காத கழிவறைதான்! ஆண், பெண் என்று பிரித்து மதிக்கும் தகுதிகூடக் கறுப்பருக்குக் கிடையாது என்பது அதன் அர்த்தம். பொது இடங்களில் இந்தப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் வர 1964 ஆனது. அதனால்தான் சொல்கிறேன்: மரியாதைப்பட்டவர்களுக்கு இரண்டு கதவு, மிச்சப்பட்டவர்களுக்கு மூலையில் ஒரு ‘பொது’க் கதவு என்றால் அது இரட்டைக் குவளைதான். எல்லாரும் போனால்தான் பொது. கலெக்டரும் போக வேண்டும், கழுவுகிற அம்மாவும் போக வேண்டும்.

நாலாவது, நம் தோழர்கள். ‘மொதல்ல சேரிக்குக் கக்கூஸ், அப்புறம் இதெல்லாம்’ என்கிறீர்கள். இந்த ‘மொதல்ல’யை நாங்கள் முன்பே கேட்டிருக்கிறோம். தலித் பெண்கள் வாயைத் திறந்தபோதும் ‘மொதல்ல சாதி, அப்புறம் பொம்பளப் பிரச்சினை’ என்றுதானே சொன்னீர்கள்? சேரியில் திருநங்கை பிறப்பதில்லையா? லிவிங் ஸ்மைல் வித்யாவும் கிரேஸ் பானுவும் தலித்தாகவும் திருநங்கையாகவும் நின்றுதானே பேசுகிறார்கள்? அவர்களைப் பாதிப் பாதியாக வெட்டி, ஒரு பாதியை வரிசையில் பின்னால் நிற்கச் சொல்ல முடியுமா? சேரிக்கு வரப்போகிற கக்கூஸையே எல்லாருக்கும் ஆகிற மாதிரி கட்டினால் எதை முதலில், எதை அப்புறம் என்று தள்ளுவீர்கள்?

எம்.ஏ.வில் இலக்கணம் படித்தோம். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில், ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயரையும் தெய்வப் பெயரையும் சேர்த்தே பேசுகிறார். இவற்றுக்கெனத் தனி விகுதி இல்லை, உயர்திணைப் பாலுக்குரிய விகுதிகளையே ஏற்கும் என்கிறார். சொந்த விகுதி கொடுக்கவில்லை, ஆனாலும் உயர்திணைக்குள்தான் வைத்தார். பின்னால் வந்த பவணந்தி, ஆணாக விரும்புகிறவரை ஆண்பால், பெண்ணாக விரும்புகிறவரைப் பெண்பால் என்று வகுத்துவிட்டு, இவர்கள் அஃறிணை போலவும் வருவர் என்று நன்னூலில் ஒரு கதவைத் திறந்துவிட்டார். அந்தக் கதவு வழியாகத்தான் இன்றைக்கும் ‘அது வருது பாரு’ என்கிறார்கள். தமிழில் மரியாதை என்று வந்துவிட்டால் பாலே கிடையாது. அவர், வந்தார், போனார். பலர்பால் விகுதிதான் மரியாதை விகுதி. ஊர்த்தெருச் சின்னப்பயல் எங்கள் தாத்தாவை ‘அவன்’ என்றபோது பிடுங்கிக்கொண்டதும் இந்த விகுதியைத்தான்.

என் அம்மா இலக்கணம் படிக்காதவள். ஒரு பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பிடத்தில் கழுவும் வேலை பார்த்தாள், குத்தகைக்காரரிடம் தினக்கூலிக்கு. திருநங்கைகளை உள்ளே விடக்கூடாது, மற்ற கிராக்கி வராது என்பது அவர் உத்தரவு. அம்மா விட்டாள். ஒரு நாள் வரிசையில் நின்ற ஒருத்தி சத்தம் போட்டாள். அம்மா துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: ‘‘அவுகளும் காசு குடுத்துட்டுத்தான் வந்துருக்காக. நான் கழுவுன கக்கூசுலதான நீங்களும் போறீக? என் கை பட்டதுல இல்லாத தீட்டு அவுக போனதுல வந்துருச்சா?’’ குத்தகைக்காரர் அம்மாவைப் பதினோரு நாள் வேலைக்கு வர வேண்டாம் என்றார். அந்தப் பதினோரு நாளும் வீட்டில் பட்ட பாடு எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அவள் மகள் நான். எனக்குக் கூலி போகாது, வேலை போகாது. அன்றைக்கு அந்தக் கதவருகில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு பேராசிரியைகள் முகத்தைச் சுளித்திருப்பார்கள், அவ்வளவுதான். அதற்குப் பயந்து ஒரு மனுசியை நாள் முழுக்கத் தாகத்தோடு உட்காரவைத்து, விளிம்புநிலை இலக்கியம் பேசவிட்டுக் கேட்டேன். மத்தவங்க வேறு யாருமில்லை. நான்தான்.

இந்த வருசக் கருத்தரங்குக்கு மண்டபம் பார்க்கப் போனபோது மேடையைப் பார்ப்பதற்கு முன்னால் பின்பக்கம் போனேன். நாலு அறை, நாலும் தனித்தனி. ஒன்றில் தாழ்ப்பாள் இல்லை. போட்டுக் கொடுத்தால்தான் அட்வான்ஸ் என்றேன். போர்டுகளைக் கழற்றக் கேட்டேன், மேனேஜர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். தோழருக்குப் போன் போட்டேன். வருகிறேன் என்றார்.

‘‘தண்ணி குடிச்சிட்டு வாங்க’’ என்றேன்.