தாஹான் சொல்லாத எக்ஸ்ரே

மலேசியாவில் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துக்கொண்ட எவருக்கும் மூன்று மலாய்க் கட்டளைகள் மனப்பாடம். 'தாரிக் நாஃபாஸ்' என்றால் மூச்சை இழு. 'தாஹான்' என்றால் அப்படியே பிடி. அப்புறம் 'லெபாஸ்', விடு. எனக்கு வயது 63. எத்தனையோ முறை அந்தத் தாஹானுக்கு அசையாமல் நின்றிருக்கிறேன். போன மாதம் ஜார்ஜ் டவுனில் ஒரு மருத்துவமனையில், முதல்முறையாக யாரும் தாஹான் சொல்லவில்லை. "மூச்சு விட்டுக்கிட்டே இருங்க அங்கிள்" என்றாள் அந்தத் தமிழ்ப் பெண். அன்று நான் பார்த்ததை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் ஆரம்பித்த கதை இது. 513 படி. வருஷா வருஷம் ஏறுகிறவன், இந்த முறை பாதியிலேயே மூன்று தடவை உட்கார்ந்துவிட்டேன். அதற்கு முன்பே ராத்திரி மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டிக்கொண்டுதான் இருந்தது. குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்தார்கள், அளவு குறைவு. ஆனால் அந்த எண் இரண்டு நுரையீரலுக்கும் சேர்த்துப் போட்ட மொத்தக் கணக்கு. எந்தப் பக்கம் உழைக்கிறது, எந்தப் பக்கம் சும்மா இருக்கிறது என்று அது சொல்லாது. சாதாரண எக்ஸ்ரேயில் இடது உதரவிதானம் மேலே ஏறி இருந்தது. வழக்கமாக வலதுதான் கொஞ்சம் உயர்ந்திருக்குமாம். "ஏறி நிக்கிறது தெரியுது. வேலை செய்யுதான்னு அசையவிட்டுத்தான் பார்க்கணும்" என்றார் டாக்டர்.

உதரம் என்றால் வயிறு, விதானம் என்றால் மேற்கட்டி. வயிற்றுக்கு மேலே விரித்த பந்தல்! எவ்வளவு அழகான பெயர். ஆனால் திரையில் அது அசைந்ததைப் பார்த்தபோது எனக்குப் பந்தல் ஞாபகம் வரவில்லை. பினாங்கு ஸ்திரீட்டில் தாத்தா வைத்திருந்த நகைப் பட்டறையின் துருத்திதான் ஞாபகம் வந்தது. மூச்சை இழுத்தேன், வலப்பக்க வளைவு சரசரவென்று கீழே இறங்கியது, விலா எலும்புகள் விரிந்தன, காற்று நிறைய நிறைய நுரையீரல் கறுத்துக்கொண்டே போனது. நடுவில் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. என் இதயம், என் கண்ணெதிரே! 63 வருஷம் ஒரு நிமிஷம்கூட ஓயாமல் எனக்காக இது நடந்திருக்கிறது என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது.

இடப்பக்கம் மட்டும் அப்படியே கிடந்தது.

"இப்ப மல்லிப்பூவ மோந்து பாக்கற மாதிரி, மூக்கால டக்குன்னு உறிஞ்சுங்க அங்கிள்." உறிஞ்சினேன். வலது சட்டென்று கீழே இறங்கியது. இடது மேலே எழும்பியது! துருத்தியின் ஒரு பக்கம் அமுங்கும்போது மறுபக்கம் எதிராகப் போவதுபோல. உறிஞ்சும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறைகிறது. நரம்பின் கட்டளை வராத தசை அந்த இழுப்புக்கு எதிர்நிற்க முடியாமல் மேலே போய்விடுகிறது. அந்தக் கட்டளையைக் கொண்டுவரும் நரம்பு கழுத்திலிருந்து புறப்பட்டு இதயத்தின் ஓரமாக இறங்கி வருகிறது. எனக்கு ஏதோ ஒரு காய்ச்சலில் அது பாதிக்கப்பட்டிருக்கலாம் என்றார்கள். ஒரே ஒரு உறிஞ்சல், ஒரு நொடி; பல மாதக் குழப்பம் அதோடு தீர்ந்தது.

வீட்டுக்கு வந்ததிலிருந்து இதைப் பற்றித்தான் படிக்கிறேன். எக்ஸ்ரே கண்டுபிடித்த புதிதிலிருந்தே அசையும் படத்தை ஒளிரும் திரையில் பார்த்திருக்கிறார்கள். படம் அவ்வளவு மங்கலாக இருக்குமாம். டாக்டர்கள் முன்கூட்டியே சிவப்புக் கண்ணாடி போட்டுக் கண்ணை இருட்டுக்குப் பழக்கிக்கொண்டு வருவார்களாம்! என்ன பொறுமை!

என்னை அசரவைத்தது ஜப்பானின் கனசாவா பல்கலைக்கழகத்தில் ரியே தனாக்காவும் அவருடைய சகாக்களும் செய்திருப்பது. நொடிக்குச் சுமார் 15 படம் வீதம், மூச்சை இழுத்துவிடும் சில நொடிகளுக்குத் துடிப்புத் துடிப்பாகக் கதிரைப் பாய்ச்சி எடுக்கிறார்கள். முன்னும் பக்கவாட்டிலுமாக எடுக்கும் இரண்டு சாதாரண நெஞ்சு எக்ஸ்ரேயை ஒட்டிய கதிர் அளவே போதும். உதரவிதானம் எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று கணினி அளந்து சொல்லும். கறுப்பு கூடிக் குறைவதை வைத்து எந்த இடத்தில் காற்று போகிறது, எங்கே போகவில்லை என்று காட்டும். இன்னும் ஒன்று: இதயத் துடிப்போடு சேர்ந்து ஏற்படும் நுணுக்கமான மாறுதலைப் பிரித்தெடுத்து, மருந்து ஏதும் ஏற்றாமலே ரத்த ஓட்டத்தையும் கணிக்கிறார்கள். ஊசி இல்லை, சுரங்கம் மாதிரியான இயந்திரத்துக்குள் படுக்க வேண்டியதில்லை. என்னைப் போல மல்லாந்தால் மூச்சு முட்டுகிறவன் நின்றபடியே காட்டிக்கொள்ளலாம். கோனிகா மினோல்டா இதை 2018-இல் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவின் ஃபோர்டிமெடிக்கல் நிறுவனம் அசையும் எக்ஸ்ரேயிலிருந்து நுரையீரலின் ஒவ்வொரு பகுதிக் காற்றோட்டத்தையும் வண்ணமிட்டுக் காட்டுகிறது.

எனக்குச் செய்தது எளிய பழைய முறைதான். அதற்கே நான் இப்படி ஆகிவிட்டேன்! எக்ஸ்ரே என்றால் கதிர்தான், வேடிக்கைக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. டாக்டர் சொல்லித்தான் போக வேண்டும். ஆனால் போக நேர்ந்தால், திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லிக் கேளுங்கள். எனக்காக அந்தப் பெண் பதிவை மூன்று தடவை ஓட்டிக் காட்டினாள். மூன்றாவது தடவை என் மனைவியும் உள்ளே வந்து பார்த்தாள். "ராத்திரி ராத்திரி இதுதான் படுத்துச்சா?" என்று திரையில் என் இடது பக்க வளைவை விரலால் தொட்டாள்.

இப்போது தினமும் எஸ்பிளனேடில் கடலைப் பார்த்து உட்கார்ந்து, வயிற்றில் கைவைத்து மூச்சுப் பயிற்சி செய்கிறேன். நரம்பு பல மாதம் கழித்தும் திரும்பலாமாம். திரும்பாவிட்டால் தளர்ந்த தசையை மடித்துத் தைக்கும் அறுவை இருக்கிறது. ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன். இடது பக்கம் ஒரு சென்டிமீட்டராவது கீழே இறங்குகிறதா என்று என் கண்ணாலேயே பார்க்க வேண்டும்.