கழங்கும் பால் கிதாபும்: கேட்கப்படாத கேள்வி

மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று வெளியூரார் சொல்லும் பேச்சை நம்மில் கேட்காதவர் இல்லை. வசிய மருந்தும் மந்திரமும் கைகண்ட பூமி இது என்பது அதன் பொருள். அரைச் சிரிப்போடு சொல்வார்கள். நம்மவர்களும் அதைக் கொஞ்சம் பெருமையாகவே எடுத்துக்கொள்வதுண்டு.

ஆனால் அந்தப் பாய் யாருடைய பாய் என்று யோசித்தால் விசயம் வேறாகத் தெரியும். வாவியின் இரு கரைகளிலும், தமிழரானாலும் முஸ்லிம்களானாலும், கலியாணம் முடித்த ஆண் பெண்வீட்டுக்குத்தான் குடிபோகிறான். வீடும் வளவும் பெரும்பாலும் பெண்ணின் பேரில். குடி தாய்வழியில் போகிறது. அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட தமது பெரிய நூலில் இந்த முறையை விரிவாக விளக்கியிருக்கிறார். வேலைக்கு வந்த வெளியூர்ப் பொடியன் இங்கே முடித்தால் இங்கேயே தங்கிவிடுவான். அவனைப் பாயோடு ஒட்டியது மருந்தல்ல, வழக்கம். வழக்கம் விளங்காதவர்கள் அதற்கு மந்திரம் என்று பேர் வைத்தார்கள்.

இந்தக் கட்டுரையின் வாதமும் இதுதான். மந்திரம், குறி, பால் என்ற சொற்கள் வந்து நிற்கும் இடத்தில், கேட்க வேண்டிய ஒரு கேள்வி கேட்கப்படாமல் மூடப்பட்டுக் கிடக்கிறது.

பால் கிதாபு பார்ப்பது பற்றி நம்மிடையே இரண்டு வகையான எழுத்து உண்டு. ஒன்று மிம்பரின் எழுத்து. அது ஷிர்க், ஹராம் என்று தீர்ப்புச் சொல்லி முடித்துக்கொள்கிறது. மற்றது நாட்டார் வழக்காற்று எழுத்து. வித்துவான் வி.சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964இல் வந்தது. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் நமது நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்துத் தந்தார்கள். அந்த உழைப்புக்கு நாம் கடன்பட்டவர்கள். ஆனால் அந்த வழியில் பின்னால் வந்த பல கட்டுரைகள், தகடு, அச்சரம், நூல், ஓதின தண்ணி என்று பட்டியல் போட்டு, ‘அருகிவரும் மரபு’ என்று பெருமூச்சு விட்டு முடிந்துவிடுகின்றன. முதல் வகை தீர்ப்போடு நிற்கிறது, இரண்டாவது பட்டியலோடு நிற்கிறது. பால் பார்க்கப் போன மனுசி என்ன கேட்கப் போனாள் என்பதை இரண்டும் கேட்பதில்லை.

முதலில் தொழிலைப் பார்ப்போம். பால் பார்ப்பவர் கேட்பது இரண்டு பேர்கள்: வந்தவரின் பேர், அவருடைய உம்மாவின் பேர். இரண்டையும் அறபு எழுத்தில் எழுதி அப்ஜத் கணக்குப் போடுவார். அலிஃபுக்கு 1, பாவுக்கு 2, ஜீமுக்கு 3, யாவுக்கு 10, காஃபுக்கு 100, ஙைனுக்கு 1000. ஸைனப் என்ற பேருக்கு 69 வரும். உம்மா மர்யம் என்றால் 290. கூட்டினால் 359. 12ஆல் வகுத்தால் மீதி 11. பதினோராவது ராசி கும்பம். கிதாபில் அந்தப் பக்கத்தைப் புரட்டி வாசிப்பார். என்ன வருத்தம், யார் கண் பட்டது, எந்தக் கிழமையில் எதைச் செய்ய வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பக்கத்தில் இருக்கும். ஸைனப் பின்த் மர்யம் என்ற பெண்கள் ஏறாவூரில் எத்தனை, காத்தான்குடியில் எத்தனை, ஓட்டமாவடியில் எத்தனை! அத்தனை பேருக்கும் ஒரே பக்கம்தான். என் வகுப்பிலேயே ஒரே பேரில் மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருத்தி கணக்கில் கெட்டி, ஒருத்தி வாயாடி, ஒருத்தி வாயே திறக்கமாட்டாள்.

மீதியை வைத்துக் குறி சொல்வது அறபுக் கிதாபோடு வந்த புதினம் அல்ல. தொல்காப்பியக் களவியல் கட்டு, கழங்கு என்ற இரண்டையும் சொல்கிறது. கட்டு என்பது முறத்தில் நெல்லை இட்டு, நான்கு நான்காக எண்ணி, மிஞ்சுவதைக் கொண்டு குறி சொல்வது என்பார்கள் உரைகாரர்கள். கழங்கு என்பது வேலன் கழற்சிக்காய்களை உருட்டிப் போட்டுப் பார்ப்பது. நெல்லின் இடத்தில் எழுத்து வந்திருக்கிறது, முறத்தின் இடத்தில் கிதாபு வந்திருக்கிறது. மீதி மட்டும் மாறவில்லை.

இனி அந்தச் சொல். பால் என்று நாம் சொல்வது ‘ஃபஃல்’ என்ற அறபுச் சொல். (பால் என்ற சொல்லைத் தொல்காப்பியம் விதி என்ற பொருளிலும் ஆள்வது தற்செயலான பொருத்தம். அதை வைத்து வேர்ச்சொல் ஆராய்ச்சி செய்ய நான் வரவில்லை.) புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஹதீஸில், நபி (ஸல்) அவர்கள் சகுனம் பார்ப்பதை மறுத்துவிட்டு, ஃபஃல் தமக்குப் பிடிக்கும் என்கிறார்கள். அது என்ன என்று கேட்டபோது, ஒருவர் காதில் விழும் நல்ல சொல் என்று விளக்கினார்கள். விரிவுரையாளர்கள் தரும் உதாரணம் அழகானது. நோயாளி ஒருவர் படுத்திருக்கிறார். தெருவில் யாரோ யாரையோ ‘யா ஸாலிம்’, அதாவது சுகமானவரே, என்று பேர் சொல்லிக் கூப்பிடுவது காதில் விழுகிறது. பொருளைத் தொலைத்தவர் காதில் ‘யா வாஜித்’, கண்டெடுத்தவரே, என்று விழுகிறது. மனம் கொஞ்சம் தேறுகிறது. ஃபஃல் அவ்வளவுதான். அதற்குக் கிதாபும் இல்லை, கூலியும் இல்லை, அதை வைத்து இன்னொருவர் மேல் பழி போடுவதும் இல்லை.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் முல்லைப்பாட்டு நினைவுக்கு வர வேண்டும். தலைவன் போருக்குப் போயிருக்கிறான். முதிய பெண்கள் ஊருக்கு வெளியே போய், நெல்லும் முல்லைப் பூவும் தூவி, நல்ல சொல் ஏதும் காதில் விழுமா என்று நிற்கிறார்கள். இதற்கு விரிச்சி என்று பேர். அங்கே ஓர் இடைச்சிப் பெண், தாயைக் காணாமல் தவிக்கும் கன்றைப் பார்த்து, உன் தாய்மார் இப்போது வந்துவிடுவார்கள் என்று தேற்றுகிறாள். அவளுக்குத் தலைவியையும் தெரியாது, போரையும் தெரியாது. அந்தச் சொல்லைத்தான் பெண்கள் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். நபிமொழியின் ஃபஃலும் முல்லைப்பாட்டின் விரிச்சியும் நெருங்கிய சொந்தம். விரிச்சிக்காகக் காத்து நிற்பதையும் தற்செயலாகக் காதில் விழுவதையும் மார்க்க அறிஞர்கள் பிரித்துப் பார்ப்பார்கள் என்பது சரிதான். ஆனால் இரண்டிலும் சொல் ஆறுதலாக வருகிறது, தீர்ப்பாக வருவதில்லை. நம் ஊரில் ஃபஃல் என்ற அதே பேரை ஒட்டிக்கொண்டு தீர்ப்பு நடக்கிறது. சொல் இருக்கிறது, பொருள் தலைகீழாகிவிட்டது.

நபி (ஸல்) அவர்கள் எதிர்த்தது எதை? அஸ்லாம் என்னும் அம்புகளை. அல்மாயிதாவின் 3ஆம், 90ஆம் வசனங்கள் அம்பு போட்டுக் குறி பார்ப்பதைத் தடுக்கின்றன. கஃபாவில் ஹுபல் சிலையின் முன் அம்புகள் குலுக்கப்பட்டன. இப்னு இஸ்ஹாக்கின் சீறா சொல்லும் சம்பவம் நமக்குத் தெரிந்ததே. அப்துல் முத்தலிபின் நேர்ச்சைக்காக மகன் அப்துல்லாஹ்வின் பேரில் அம்பு விழுந்தது. ஒட்டகத்தைப் பத்துப் பத்தாகக் கூட்டிக்கொண்டே போய், 100 ஆனபோதுதான் அம்பு ஒட்டகத்தின் பக்கம் விழுந்தது. நபியவர்களின் தகப்பனாருடைய உயிர் ஓர் அம்பின் நுனியில் நின்றிருக்கிறது. ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றியின்போது, இப்றாஹீம், இஸ்மாயீல் நபிமாரின் கையில் அந்த அம்புகளைக் கொடுத்து வரைந்திருந்த உருவங்களைக் கஃபாவிலிருந்து அகற்றச் சொன்னார்கள். அவர்கள் ஒருபோதும் அதைச் செய்ததில்லை என்றும் சொன்னார்கள்.

அதே நபியவர்கள் பயணத்துக்கு மனைவியரில் யாரை அழைத்துப் போவது என்று சீட்டுக் குலுக்கியிருக்கிறார்கள். மர்யம் (அலை) அவர்களை யார் பொறுப்பேற்பது என்று எழுதுகோல் போட்டுப் பார்த்ததை ஆல இம்றான் சொல்கிறது. உத்திரமேரூரில் 1,100 ஆண்டுகளுக்கு முன்பு குடவோலை எடுத்ததும், நம் பெண்கள் இன்று சீட்டுக் குலுக்குவதும் இதே இனம். எல்லாருக்கும் சம உரிமை இருக்கும்போது நீதியாகப் பிரிக்கக் குலுக்கலாம். மறைவானதை அறியக் குலுக்கக்கூடாது. இந்த வேறுபாட்டைச் சொன்னாலே எங்கள் பிள்ளைகளுக்குப் பாதி விளங்கிவிடும்.

இப்போது இலக்கியத்துக்கு வருகிறேன். ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய வெறிப்பத்து என்று ஒரு பகுதி உண்டு. மகள் மெலிகிறாள். தாய் வேலனைக் கூப்பிடுகிறாள். அவன் கழங்கு பார்த்து முருகன் பிடித்திருக்கிறான் என்கிறான். காரணம் முருகன் அல்ல, மலைநாட்டுக் காதலன் என்பது மகளுக்குத் தெரியும், தோழிக்குத் தெரியும், வாசிக்கிற நமக்கும் தெரியும். அறியாதவர்கள் கழங்கு வைத்திருப்பவனும் அவனை நம்பியவளும்தான். குறுந்தொகை 362ஆம் பாட்டில் தோழி வேலனிடம் நேரே கேட்கிறாள்: கோபிக்காதே, இந்தப் பலியை இவள் விரும்பும் மலைநாட்டானின் மார்பும் உண்ணுமா? 23ஆம் பாட்டில் ஔவையாரின் தோழி இன்னும் நுட்பமானவள். கட்டுவிச்சி பாடும்போது தலைவனின் குன்றம் பாட்டில் வருகிறது. அந்தப் பாட்டைத் திரும்பவும் பாடு என்கிறாள். குறிகாரியின் வாயிலிருந்தே உண்மையைக் காதில் விழச் செய்கிறாள்.

சங்கப் புலவர்கள் குறியை ஒழிக்கப் புறப்பட்டவர்கள் அல்லர். ஆனாலும் ஒன்றைத் துல்லியமாகக் கண்டிருக்கிறார்கள். குறி நடக்கும் வீட்டில் எல்லாரும் பேசுவார்கள். வருத்தக்காரியிடம் மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள். அவளுக்காகக் கேட்பவள் தோழி ஒருத்தியே.

நம் வீடுகளைப் பாருங்கள். கலியாணம் தள்ளிப் போகும் புள்ளைக்கு “ஆரோ கட்டிப் போட்டிரிக்காங்க” என்று பால் சொல்கிறது. கட்டிப் போட்டது யார்? கட்டி முடிக்காத வீடு. சுவர் எழும்பி, கூரைக்குக் காசில்லாமல் நிற்கும் அந்த வீட்டைத் தெருவில் போகிற எல்லாரும் பார்க்கிறார்கள். ஆனால் பழி பக்கத்து வளவு மச்சியின் மேல் விழும். இரண்டு குடும்பம் பேச்சுவார்த்தை இல்லாமல் போகும். சீதனத்தைப் பற்றி யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை.

பிள்ளை பெற்ற பிறகு அழுதுகொண்டே இருக்கும் இளம் தாய்க்கு ‘ஜின் பார்வை’ என்று தகடு கட்டப்படுகிறது. அவளை ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கொண்டுபோக இரண்டு மாதம், ஆறு மாதம் பிந்துகிறது. மருந்து செய்யுங்கள் என்று நபியவர்கள் சொன்னது அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. அந்த வீட்டில் அதை நினைவுபடுத்த ஆள் இல்லை.

எல்லாவற்றிலும் கனமானது 1990. அந்த ஜூலையில் குருக்கள்மடத்தில் வைத்துக் கடத்தப்பட்டவர்கள் வீடு திரும்பவில்லை. ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் இறந்தவர்களுக்குக் கபுறு இருக்கிறது. திரும்பாதவர்களுக்கு அதுவும் இல்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனவர்களிலும் பலருக்கு இல்லை. அப்படியான வீட்டுப் பெண்ணுக்குப் பால் கிதாபு சொல்வது ஒன்றே: “உசிரோட இரிக்காரு, கிழக்குப் பக்கம்.” கேட்ட அன்று அது நல்ல சொல்தான். பத்து வருசம் கழித்து அதுவே பூட்டு. அவள் இத்தா இருக்கவுமில்லை, கத்தம் ஓதவுமில்லை, சொத்துப் பிரிக்கவுமில்லை. மறுமணம் என்ற பேச்சே கிடையாது. காணாமல் போனவரின் மனைவியைப் பற்றி ஃபிக்ஹு நூல்களில் தனிப் பாடமே உண்டு. மாலிக்கி மத்ஹப் நான்கு வருசத் தவணையைப் பேசுகிறது. 2016இல் சட்டம் இயற்றிக் காணாமல் போனோருக்கென்று ஓர் அலுவலகமும் நாட்டில் அமைத்தார்கள். அந்தப் பாடத்தையும் அந்த அலுவலகத்தின் படிவத்தையும் எடுத்துக்கொண்டு அவள் வாசலுக்குப் போனவர்கள் எத்தனை பேர்? பால் கிதாபு மட்டும் பக்கத்துத் தெருவிலேயே இருந்தது.

குறிகாரரிடம் போனவரின் நாற்பது நாள் தொழுகை ஏற்கப்படாது என்ற ஹதீஸை மிம்பரில் கேட்டிருக்கிறோம். அது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது, மறுக்க இடமில்லை. ஆனால் எச்சரிக்கை சொன்ன நபியவர்கள் மாற்று வழியும் தந்தார்கள். குர்ஆனின் ஒரு சூறாவைக் கற்றுக்கொடுப்பது போல இஸ்திகாராவைக் கற்றுக்கொடுத்தார்கள் என்கிறார் ஜாபிர் (ரலி). இரண்டு ரக்அத், ஒரு துஆ. கேட்பவர் தானே கேட்க வேண்டும். நாம் அதையும் கூலிக்குக் கொடுத்துவிட்டோம். “லெப்பைட்டச் சொல்லி இஸ்திகாறா பாத்துத் தாங்க” என்கிறோம். கனவு கண்டு அவர் சொல்ல வேண்டுமாம். துஆவைக் கழங்காக்கிவிட்ட பிறகு கிதாபை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

ஆகவே விமரிசகர்களிடம் நான் கேட்பது இதுதான். பால் கிதாபைப் பற்றி இனி எழுதுகிறவர்கள் தகட்டில் என்ன எழுதியிருந்தது என்பதோடு, அதைக் கொண்டுபோனவள் என்ன கேட்டாள் என்பதையும் பதிந்துவைக்க வேண்டும். குத்பா ஓதுகிறவர்கள் ஹராம் என்று சொன்ன அடுத்த வசனத்தில், எந்தக் கிளினிக், எந்தக் காதி, எந்தப் படிவம் என்பதையும் சொல்ல வேண்டும். வேலன்மார் எக்காலத்திலும் இருப்பார்கள். சங்கப் பாட்டில் அவனுக்கு எதிரே ஒரு தோழி நின்றாள். நம் தெருக்களில் அவளுடைய இடம் காலியாகக் கிடக்கிறது.