கேழ்வரகுக் காட்டில் களையும் மருந்தும்

கோலார் தங்கவயலைச் சுற்றியுள்ள செம்மண் காடுகளில் மழையை நம்பி விதைப்பது கேழ்வரகு. பேத்தமங்கலம், பங்காருபேட்டைப் பக்கம் அது தனியாக நிற்பதில்லை. சில வரிசைக்கு ஒரு வரிசை அவரை, துவரை, ஆமணக்கு என்று ஊடே வரும். கன்னடத்தில் அக்கடி சாலு என்பார்கள். இந்த ஊடுபயிரைக் கணக்கில் எடுக்காத எந்தக் களை மேலாண்மையும் இங்கே அரைகுறைதான்.

கூரிகெ என்ற விதைக்கும் கருவியால் வரிசை பிடித்து விதைத்து, மூன்றாம் வாரம் முதல் மாடு பூட்டி எடெகுண்டெ என்ற களைக்கருவியை ஓட்டுவது பழைய முறை. அதன் கத்தி மேல்மண்ணைச் சீவிக் களையை அறுக்கும். மண்ணைப் பொடியாக்கி அடியீரத்தைக் காக்கும். களைக்கொல்லி மருந்து களையை மட்டுமே கொல்லும், ஈரத்தைக் காக்காது.

ஆனால் கத்தி வரிசைக்குள் போகாது. அங்கே முளைக்கும் எலுசின் இண்டிகா என்ற புல் கேழ்வரகின் பேரினத்தைச் சேர்ந்தது. இளம்பயிரில் இரண்டையும் பிரித்தறிய அனுபவம் வேண்டும். குனிந்து பிடுங்குகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். முதல் ஐந்தாறு வாரம் களையை விட்டால் விளைச்சல் போயிற்று. அப்போது அடைமழை பிடித்தால் மாடும் இறங்காது. கைக்களைக்கும் ஆள் குறைவு. 2001 பிப்ரவரி 28இல் தங்கச் சுரங்கம் மூடியபின் தங்கவயல்காரர்கள் விடிகாலையில் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். சுற்றுக் கிராமங்களின் இளையவர்களையும் நகரம் இழுக்கிறது. ஆள் கிடைக்கவில்லை என்று விவசாயி சொல்வது உண்மை. பழைய முறையைப் புகழ்கிறவர்கள் அந்தப் பெண்களின் இடுப்புவலியையும் குறைந்த கூலியையும் பேசுவதே இல்லை. அது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

அதற்காக மருந்தடிப்பது தீர்வாகிவிடாது. 2,4-டி என்ற களைக்கொல்லி அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும். அவரையும் துவரையும் அகன்ற இலைப் பயிர்கள்தாம். களையாகப் பிடுங்கிக் குழம்புக்குக் கொண்டுபோகும் பண்ணைக்கீரையும் அதோடு போகும். ஐசோப்ரோட்டுரான் என்ற இன்னொரு களைக்கொல்லியைக் கேழ்வரகுக்கும் பரிந்துரைத்திருக்கிறார்கள். அதன் கதை ஹரியானாவின் கோதுமை வயல்களில் இருக்கிறது. நெல்லும் கோதுமையுமாக மாறாத சுழற்சி, ஆண்டுதோறும் அதே மருந்து. 1990களின் தொடக்கத்தில் குல்லி டண்டா என்ற புல் அதற்கு மடியாமல் நின்றது. அடுத்து வந்த மருந்துகளுக்கும் மெல்ல மெல்லத் தாக்குப்பிடித்தது. உழாமல் விதைத்ததும் பயிரை மாற்றியதும் அங்கே அதன் பெருக்கத்தைக் குறைக்க உதவின. எலுசின் இண்டிகாவும் சளைத்ததல்ல. 1997இலேயே மலேசியாவில் கிளைபோசேட் என்ற களைக்கொல்லிக்கு அடங்கவில்லை.

எனவே வரிசை விதைப்பும் ஊடுபயிரும் தொடர வேண்டும். மாற வேண்டியது உழைப்பின் சுமை. கர்நாடக அரசின் கிருஷி யந்திரதாரெ வாடகை மையங்கள் ஓரடி இடைவெளிக்குள் ஓடும் சிறு களையெடுப்புக் கருவிகளை ஜூலை, ஆகஸ்டில் குறைந்த வாடகைக்குத் தயாராக வைக்கட்டும். கருவி எட்டாத வரிசைக்குள் கைக்களை எடுக்கும் பெண்களுக்கு ஆண்களுக்கு நிகரான கூலியைக் கொடுங்கள்.