‘எப்படித் தெரியும்?’ – ஆறாம் வகுப்பு வரலாற்று நூலை முன்வைத்து

வில்லாபுரத்தில் எங்கள் தெருவில் மாலை நேரம் பிள்ளைகள் பாடம் ஒப்பிக்கும் ஓசை கேட்கும். ஒருநாள் அண்டை வீட்டுச் சிறுவன் பழைய மதுரையின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் மூச்சுவிடாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தான். “தம்பி, அந்தக் காலத்தில் இங்கே இரவிலும் கடைத்தெரு இருந்ததென்று எப்படித் தெரியும்?” என்று கேட்டேன். “புத்தகத்தில் போட்டிருக்கிறது, மாமா” என்றான். அந்த விடையே அவனுடைய நூலை வாங்கிப் படிக்க என்னைத் தூண்டியது.

2018-இல் தமிழக அரசு கொண்டுவந்த புதிய பாடத்திட்டத்தின் ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல் நூல் அது. அதன் நிறைகளை முதலில் சொல்லிவிடுவதே முறை. அரசர் பெயர்ப் பட்டியலோடு தொடங்காமல், வரலாறு என்றால் என்ன என்னும் வினாவோடு அது தொடங்குகிறது. சிந்துவெளியைக் கற்றபின் பூம்புகார், மதுரை, காஞ்சி ஆகிய தமிழ் நகரங்களுக்குத் தனிப்பாடம் உண்டு. தன் ஊரின் பெயரைப் பாடநூலில் காணும் பிள்ளைக்கு அது பெருமிதமன்றோ!

குறை வேறிடத்தில் இருக்கிறது. முதற்பாடம் சான்றுகளைப் பற்றிப் பேசுகிறது. பின்வரும் பாடங்களோ பெரும்பாலும் முடிவுகளையே தருகின்றன. அங்காடிகளைப் பற்றி நமக்குச் சொல்வது மதுரைக்காஞ்சி. அது மாங்குடி மருதனார் ஓர் அரசனை முன்னிறுத்திப் பாடிய பாட்டு. புலவரின் சொல்லும் மண்ணில் புதைந்த பானையோடும் இருவேறு வகைச் சான்றுகள். இரண்டையும் எடைபோடும் முறையும் வேறு. இந்த வேறுபாட்டை அறியாத மாணவனுக்குக் கோடிட்ட இடத்தை நிரப்புவதே வரலாறாகி விடுகிறது.

கீழடியையே எண்ணிப் பாருங்கள். மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டரில் உள்ள சிற்றூர் அது. 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரித்துண்டு ஒன்று கி.மு. 580-ஐச் சார்ந்தது என்று, 2019-இல் மாநிலத் தொல்லியல் துறை அறிவித்தது. மேடைகளில் அந்த ஆண்டு முழங்கப்பட்டது. ஒரு மாதிரியின் காலத்தை அது கிடைத்த மண்ணடுக்கோடும் பிற மாதிரிகளோடும் பொருத்திப் பார்க்கும் பொறுமையைப் பற்றிப் பேசியோர் சிலரே. முதலிரு கட்ட அகழாய்வை நடத்திய அமர்நாத் இராமகிருட்டிணன் 2023 சனவரியில் அளித்த 982 பக்க அறிக்கையைத் திருத்தித் தருமாறு, நடுவண் தொல்லியல் துறை 2025 மே மாதம் கேட்டது. அவர் தம் காலக்கணிப்பில் உறுதியாக நின்றார். இந்த வழக்கில் நாம் எப்பக்கம் நிற்கிறோம் என்பதைக் காட்டிலும், எதைக் கொண்டு அப்பக்கம் நிற்கிறோம் என்பதே முதன்மையானது. அதைக் கேட்கும் பழக்கம் பதினோரு வயதில் அமையாவிட்டால் பிறகு எப்போது அமையும்?

நம் திருச்சபையிலும் இதற்கொரு பாடம் உண்டு. ஸ்பெயினில் பிறந்து பம்பாயில் பணியாற்றிய இயேசு சபைக் குரு ஹென்றி ஹெராஸ், சிந்துவெளி எழுத்தின் மொழி திராவிடமே என்று வாதிட்டு, 1953-இல் பெருநூல் வெளியிட்டார். அவர் படித்துக் காட்டிய வாசகங்களைப் பின்வந்த அறிஞர்கள் ஏற்கவில்லை. எனினும், அவர் எழுப்பிய வினாவை அஸ்கோ பர்ப்போலாவும் ஐராவதம் மகாதேவனும் தொடர்ந்து ஆராய்ந்தனர். விடை தள்ளப்பட்டும் வினா வாழ்ந்தது. இத்தகைய தொடர்ச்சியைப் பள்ளி வரலாறு பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. அறிஞர் தவறலாம் என்பதையும், தவற்றைத் திருத்திக்கொண்டே அறிவு வளர்கிறது என்பதையும் அவர்கள் அறியாமலே போகின்றனர்.

அடுத்த பதிப்பில் ஒவ்வொரு பாடத்தின் இறுதியிலும் ‘இது நமக்கு எப்படித் தெரியும்?’ என்று ஒரு பக்கம் சேர்த்தால் போதும். நூல் இருமடங்கு பயன் தரும். அதுவரை காத்திராமல் பெற்றோரே தொடங்கலாம். கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச் முதல் திறந்திருக்கிறது.

சென்ற மாதம் அச்சிறுவனை அங்கே அழைத்துச் சென்றேன். தமிழி எழுத்துப் பொறித்த பானையோட்டின் முன் நெடுநேரம் நின்றவன், “மாமா, இதற்கு இத்தனை வயது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?” என்று கேட்டான். எனக்குத் தெரிந்த அளவு சொன்னேன். எஞ்சியதை அங்கிருந்த பணியாளரிடம் அவனே கேட்கச் சென்றான்.