படைப்புக் கதையில் ஒரு குலத்தின் பழி

ஓர் உலகையும் அதன் தெய்வங்களையும் தம் கற்பனையிற் படைத்த ஆங்கிலப் பேராசிரியர் டோல்கீன் 1973-இல் மறைந்தார். அவர் எழுதிவைத்த படைப்புக் கதைகளை அவர்தம் மைந்தர் கிறிஸ்டோபர் 1977-இல் ‘சில்மரில்லியன்’ என்னும் நூலாக வெளியிட்டார்.

அதில் உலகு இசையிற் பிறக்கின்றது. ஏரு என்னும் முதல்வன் திருமுன் ஐனூர் என்னும் தெய்வ கணங்கள் பாடுகின்றன. அவருள் மெல்கோர் என்பான் செருக்குற்றுத் தனித்துப் பாட, இசை குலைகின்றது. தீமை அங்குத் தொடங்குகின்றது.

ஔலே என்னும் தெய்வம் முதல்வன் ஆணையின்றிக் குறளரைச் செய்துவிடுகின்றான். பிழையுணர்ந்து, அவர்களை அழிக்கச் சம்மட்டியை ஓங்கி அழுகின்றான். முதல்வன் இரங்கி அவர்களை வாழவிடுகின்றான். இப்பகுதியைப் படித்து உருகாதார் யார்?

நிற்க. ஓர்க்கர் கதை வேறு. மெல்கோருக்கு உயிர் படைக்கும் ஆற்றல் இல்லை. எல்ப் என்னும் மூவாக் குலத்தாரைச் சிறைப்பிடித்து, வதைத்து, அவர்களையே ஓர்க்கராகத் திரித்தான் என்பது அந்நூல் கூறும் அறிஞர் கொள்கை. தம் தலைவனை அவர்கள் உள்ளூர வெறுத்தனர் என்றும் கூறுகின்றது. அங்ஙனமாயின் அவர்கள் தீங்கிழைக்கப்பட்டோரேயன்றோ? அவர்தம் மக்கள் செய்த பிழை யாது? குறளர் பெற்ற இரக்கம் இவர்க்கில்லை. கதை நெடுகிலும் வாளுக்கே இரையாகின்றனர். ஆசிரியரும் பிற்காலத்தில் மனம் அமைதியுறாது இவர்தம் தோற்றத்தை மாற்றி மாற்றி எழுதினார்.

கற்பனை உலகேயாயினும், பிறப்பினால் ஒரு குலத்தை வெறுக்கப் பழகிய மனம் நூலை மூடியபின்னும் அப்பழக்கத்தை விடாது. அன்பர்கள் இந்நூலைப் படிக்க வேண்டும். படிக்குங்கால் ஓர்க்கருக்காகவும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்.