எதிர்ப்பு யாருடைய சொல்?

'எதிர்ப்பு' நம்முடைய சொல். விதைக் கம்பெனிகளின் சொல்லாடலிலோ அது புழுவின் குற்றம். 2002இல் அனுமதிக்கப்பட்ட பி.டி. பருத்தியின் க்ரை1ஏசி நஞ்சுக்கு குஜராத்தின் இளஞ்சிவப்புக் காய்ப்புழு மசியவில்லையென்று 2010இல் மான்சாண்டோவே ஒப்புக்கொண்டது. கூடவே, ஓரத்தில் பி.டி. அல்லாத பருத்தி நடாத விவசாயிமேல் பழி.

2016இல் டேவிட் லியூ குழு, மான்சாண்டோவோடு சேர்ந்து, அந்தப் புரதத்தை ஆய்வகத்தில் பரிணமிக்கவைத்துப் புழுக்குடலின் வேறொரு ஏற்பியில் ஒட்டச்செய்தது. கெட்டிக்கார வேலைதான், நான் இல்லேங்கலை. சோதித்தது முட்டைக்கோஸ் புழுவில்.

ஸ்ரீரங்கத்திலிருந்து கொள்ளிடம் தாண்டி வடக்கே, பழைய திருச்சி மாவட்டத்துப் பெரம்பலூரில், வருஷா வருஷம் காசுக்கு வாங்கும் கலப்பின விதை. பருவம் நீள நீள, புழு தலைமுறை தலைமுறையாத் தின்னு பழகுது. சீக்கிரம் முடிகிற, வீட்டிலேயே விதை எடுத்துவைக்கிற ரகம் எங்கேன்னு விவசாயி கேட்டால், ஏற்பியோடு நின்றுவிடும் அந்தப் பிரதியில் அவர் கேள்விக்கு இடமில்லை.