மஞ்சள் கட்டும் மார்ச் 31-ம்

திண்டுக்கல் மலைக்கோட்டைக்குப் போயிருக்கிறீர்களா? மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள், பாதியிலேயே மூச்சு வாங்கும். எங்க ஊர்க்காரர்களில் பாதிப் பேர் அண்ணாந்து பார்த்ததோடு சரி.

1755-ல் மைசூர் அரசு ஹைதர் அலியை இந்தக் கோட்டைக்குத் தளபதியாக அனுப்பியது. சுற்றுவட்டாரப் பாளையக்காரர்களை அடக்குவது வேலை. செலவுக்கு மைசூரிலிருந்து பணம் வரும். கணக்குப் பார்க்க ஆளும் வரும். ஹைதர் என்ன செய்தார் என்பதை மார்க் வில்க்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி எழுதிவைத்திருக்கிறார். 10,000 வீரர்களை 18,000 பேராக எண்ண வைத்தாராம். காயம்பட்டவர்களுக்குக் கட்டுப் பணம் உண்டு. ஒரு சண்டையில் நிஜமாகக் காயம்பட்டவர்கள் 67 பேர். ஹைதரோ சுமார் 700 பேருக்கு மஞ்சள் துணியில் கட்டுப் போட்டு உட்கார வைத்துவிட்டார். வந்தவர் எண்ணினார், பாஸ் செய்தார், போனார்.

எதிரி முகாம்காரர் எழுதியது, கொஞ்சம் உப்புக் காரம் கூட இருக்கலாம். ஆனால் அதே காலத்தில் அதே திண்டுக்கல்லில், பிரெஞ்சுக்கார இன்ஜினீயர்களை வரவழைத்து பீரங்கிப் படையும் ஆயுதச் சாலையும் அமைத்தார் ஹைதர். அதுவும் அதே வில்க்ஸ் எழுதியதுதான். கணக்கு பொய், பீரங்கி நிஜம்.

நான் பி.காம். படித்தவன். பட்ஜெட் அன்று பாதுகாப்புத் துறைக்கு எவ்வளவு என்று டி.வி.யில் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த மஞ்சள் கட்டுதான் ஞாபகம் வரும். இன்று யாரும் போலிக் கட்டுப் போடுவதாக நான் சொல்லவில்லை. ஒவ்வொரு ரூபாய்க்கும் வவுச்சர் இருக்கிறது. ஆடிட் இருக்கிறது. கணக்கு நிஜம். பீரங்கி எப்போது வரும் என்பதுதான் கேள்வி.

2025-26 பட்ஜெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு அமைச்சகத்துக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய். கேட்டவுடன் மலைப்பு வருகிறதா? பிரித்துப் பாருங்கள். ஓய்வூதியம் மட்டும் சுமார் 1.61 லட்சம் கோடி. சம்பளம், டீசல், ரேஷன், பராமரிப்பு என்று 3 லட்சம் கோடிக்கு மேல். விமானம், கப்பல், பீரங்கி வாங்குவதற்கும் மற்ற கட்டுமானத்துக்கும் சேர்த்து மூலதனச் செலவு 1.80 லட்சம் கோடி. பென்ஷனை நான் குறை சொல்லவில்லை. எல்லையில் நின்று வந்தவருக்குச் சேர வேண்டிய கடன் அது. ஆனால் மொத்தத் தொகையைக் காட்டி ‘ராணுவத்துக்கு வாரி வழங்கினோம்’ என்று மார்தட்டுவது சரியான கணக்கு இல்லை.

அந்த 1.80 லட்சம் கோடியாவது புதுச் சரக்குக்குத்தானா? அதுவும் இல்லை. கப்பலோ விமானமோ ரொக்கம் கொடுத்து ஒரே நாளில் வாங்குவது கிடையாது. இன்று ஒப்பந்தம், ஐந்தாறு வருஷம் தவணை. ஆகவே ஒவ்வொரு பட்ஜெட்டிலும் முதல் பந்தி பழைய தவணைக்கு. மிச்சம்தான் புதுசுக்கு. மிச்சமே இல்லாத வருஷமும் உண்டு. 2018-ல் ராணுவத் துணைத் தளபதி சரத் சந்த் நாடாளுமன்ற நிலைக்குழு முன் அதைப் போட்டு உடைத்தார். தரைப்படையின் நவீனமயத்துக்கு ஒதுக்கியது 21,338 கோடி. ஏற்கனவே நடந்துகொண்டிருந்த 125 திட்டங்களுக்குக் கட்ட வேண்டிய பாக்கியே 29,033 கோடி. கையில் இருப்பதில் 68 சதவீதம் பழங்காலத் தளவாடம் என்றும் சொன்னார். சொன்னது எதிர்க்கட்சிக்காரர் அல்ல, யூனிஃபார்ம் போட்டவர்.

இன்னொரு பக்கம், கொடுத்த பணத்தையே செலவழிக்க முடியாமல் திருப்பிக் கொடுத்த வருஷங்களும் உண்டு. காரணம் மார்ச் 31. அன்றைக்குள் செலவாகாத பணம் கஜானாவுக்குத் திரும்பிவிடும். ஒரு பீரங்கி வாங்க படை தேவையைச் சொல்ல வேண்டும், கொள்முதல் கவுன்சில் ‘தேவைதான்’ என ஏற்க வேண்டும், பிறகு டெண்டர், பாலைவனத்திலும் பனியிலும் சோதனை, விலைப் பேரம், பெரிய தொகையென்றால் பிரதமர் தலைமையிலான குழுவின் ஒப்புதல். ‘இத்தனை ஆயிரம் கோடிக்கு ஒப்புதல்’ என்று பேப்பரில் வருகிறதே, அது பெரும்பாலும் இரண்டாம் படிதான். அங்கே பணம் கைமாறுவதில்லை. வருஷக்கணக்கில் நடக்கும் வேலைக்கு வருஷாந்திர உண்டியல்!

உண்டியலை மாற்றலாம் என்று யாருக்கும் தோன்றவில்லையா? தோன்றியது. 2004 இடைக்கால பட்ஜெட்டில் ஜஸ்வந்த் சிங் காலாவதியாகாத 25,000 கோடி நிதியை அறிவித்தார். தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது, நிதி வரவில்லை. 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்கும் 2,38,354 கோடிக்கு அப்படியொரு நிதியைச் சிபாரிசு செய்தது. கொள்கை அளவில் ஏற்கிறோம் என்றது அரசு. 2025-26 பட்ஜெட்டிலும் தளவாடப் பணம் பழைய வருஷாந்திர மானியமாகத்தான் வந்தது. இரண்டு வெவ்வேறு ஆட்சி, ஒரே பதில்.

நாகல்நகர் பக்கம் பூட்டு செய்யும் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். “ஆர்டர் தர்றோம்னு சொல்லி ஆறு மாசம் இழுத்தா பித்தளை விலை ஏறிடும் தம்பி. நின்னு யோசிக்கறதுக்கும் காசு உண்டு” என்றார்.

அந்தக் காசு எவ்வளவு? கோர்ஷ்கோவ் கப்பலைப் பாருங்கள். 2004-ல் ரஷ்யாவோடு பேசிய விலை 97.4 கோடி டாலர். பழைய கப்பலில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று சரியாகப் பார்க்காமல் போட்ட எஸ்டிமேட். வேலை இழுக்க இழுக்க, 2010-ல் புது விலை 233 கோடி டாலர். 2008-ல் வர வேண்டிய கப்பல் ‘விக்ரமாதித்யா’ என்ற பெயரில் 2013 நவம்பரில்தான் நம் கைக்கு வந்தது. போஃபர்ஸ் கதை இன்னும் மோசம். 1986-ல் 410 பீரங்கி வாங்கினோம். ஊழல் புகார் வெடித்தது. அந்தப் பயத்தில் அடுத்த புது ரக ஹோவிட்சருக்கு ஒப்பந்தம் போட 2016 ஆனது. இடையில் கார்கில் வந்தது. திட்டித் தீர்த்த அதே போஃபர்ஸ்தான் மலையில் கைகொடுத்தது. ஊழலை விசாரிக்க வேண்டியதுதான். அதற்காக 30 வருஷம் கடையையே மூடுவதா?

இந்தத் தாமதத்துக்கான பில் டெல்லி அலுவலகத்துக்குப் போவதில்லை. 2017-ல் சி.ஏ.ஜி. தந்த அறிக்கை 152 வகைக் குண்டுகளை எடுத்துப் பார்த்தது. 40 நாள் சண்டைக்கு இருப்பு வைக்க வேண்டும் என்பது விதி. 61 வகைகள் 10 நாளுக்குக்கூடக் காணாது. பதினோராம் நாள் பதுங்குகுழியில் இருப்பவன் எதை வைத்துச் சுடுவான்? வவுச்சரை வைத்தா?

சி.ஏ.ஜி.யும் நிலைக்குழுவும் சொல்லத்தான் செய்கின்றன. நாம்தான் பட்ஜெட் அன்று மொத்தத் தொகையை மட்டும் கேட்டுவிட்டுச் சேனலை மாற்றிவிடுகிறோம். என் கோரிக்கை சின்னது. ரகசியம் எதையும் கேட்கவில்லை. பெரிய கொள்முதல் ஒவ்வொன்றுக்கும் ரூபாய்க் காலத்துக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு காலம் போடுங்கள்: படை கேட்ட தேதி, கைக்கு வந்த தேதி. இரண்டுக்கும் நடுவே எத்தனை வருஷம் என்று எண்ணிக் கழிக்கக் காமர்ஸ் டிகிரி தேவையில்லை.

மைசூரிலிருந்து வந்த அதிகாரி மஞ்சள் துணியை எண்ணினார், அவிழ்த்துப் பார்க்கவில்லை. நாம் பூஜ்யத்தை எண்ணுகிறோம்.